கோடையில் கோழிக்குத் தாது உப்பு: எவ்வளவு, எதில், எந்த நேரத்தில்

"அக்கா, முட்டையை எடுத்தாலே கட்டைவிரல் உள்ளே போயிடுது" என்று பண்ணையில் என்னோடு வேலை பார்க்கும் பையன் வந்து நின்றான். நான் நேரே ஸ்டோர் ரூமுக்குப் போய் டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) மூட்டையைப் பிரித்தேன். ஓடு மெலிந்தால் சுண்ணாம்புச் சத்து போதவில்லை, டிசிபியில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, கூட்டிப் போட்டால் சரியாகிவிடும் என்று கணக்கு. அதோடு விட்டேனா? வெயிலுக்கு நல்லதென்று தண்ணீரில் எலக்ட்ரோலைட் பொடி (உப்புச் சத்துகள் கலந்த பொடி), தீவனத்தில் சோடா உப்பு (சோடியம் பைகார்பனேட்), எப்போதும் போடும் கறியுப்பும் அப்படியே. ஒரு வாரத்தில் கூண்டுக்குக் கீழே எச்சம் கூழாகி ஈ மொய்த்தது. ஓடு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அது நான் முட்டைக்கோழி வைத்த முதல் கோடை. இப்போது 2,000 கோழி, தீவனம் சொந்தக் கலவை. வெயில் ஏறும் முன்பே நான் செய்வதை வரிசையாகச் சொல்கிறேன். ஒன்றை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்: காற்றோட்டம் இல்லாத கொட்டகையில், கொதிக்கும் கூரைக்கு அடியில், எந்த உப்பைப் போட்டாலும் வீண். கூரையில் தண்ணீர் தெளிப்பு, மின்விசிறி, கூண்டில் நெரிசல் இல்லாமை, இதெல்லாம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன்.

முதலில் தராசு

கோடைக் கலவையை மாற்றும் முன் ஒரு கோழி நாளொன்றுக்கு எத்தனை கிராம் தின்கிறது என்று தெரிய வேண்டும். ஒரு வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 60 கோழி என்றால், காலையில் அந்த வரிசைக்குக் கொட்டுவதை எடை போட்டு எழுதுங்கள். மறுநாள் அதே நேரத்தில் தொட்டியில் மிஞ்சியதை வழித்து எடை போட்டுக் கழித்து, 60-ஆல் வகுங்கள். மூன்று நாள் சராசரி போதும். கொட்டகைக்கு மொத்தமாக எத்தனை மூட்டை போனது என்று பார்த்து வகுத்தால் எலி தின்றது, சிந்தியது எல்லாம் கோழியின் கணக்கில் ஏறிவிடும்.

இதமான நாளில் 110 கிராம் தின்ற என் கோழி, மதியம் 37, 38 டிகிரி தொட்ட நாட்களில் 92 கிராமுக்கு இறங்கியிருந்தது. பொதுவாக 20-லிருந்து 30 டிகிரி வரை ஒவ்வொரு டிகிரிக்கும் 1 முதல் 1.5 சதவீதம் தீவனம் குறையும். 32-ஐத் தாண்டினால் ஒவ்வொரு டிகிரிக்கும் 5 சதவீதம் அளவுக்குச் சரியும். வயிறு செரிக்கும்போது உள்ளே சூடு பிறக்கிறது என்பதால் கோழி தானே வாயைக் கட்டிக்கொள்கிறது.

தீவன மூட்டையில் கால்சியம் 3.8 சதவீதம் என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. 110 கிராமில் 3.8 சதவீதம் என்றால் 4.18 கிராம் கால்சியம். அதே தீவனத்தை 92 கிராம் தின்றால் 3.5 கிராம்தான். மூட்டையில் எதுவும் மாறவில்லை, கோழிக்குள் போவது ஆறில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. சோடியம், துத்தநாகம், மாங்கனீசு எல்லாவற்றுக்கும் இதே கதி. அதனால்தான் கோடையில் நான் சதவீதத்தில் பேசுவதில்லை, ஒரு கோழிக்கு எத்தனை கிராம் என்றே பேசுவது.

இளைப்பும் ஓடும்

தீவனம் குறைந்தது பாதிக் காரணம்தான். மீதி, கோழி வாயைப் பிளந்து இளைப்பதில் இருக்கிறது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடம்புச் சூடு இயல்பிலேயே 41 டிகிரிக்கு மேல். வெளியே சூடு ஏறினால் மூச்சின் ஈரத்தை ஆவியாக்கித்தான் தப்பிக்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்குக் கூண்டு முன்னால் அசையாமல் நின்று பாருங்கள்: இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்திருக்கும், அலகு திறந்திருக்கும், தொண்டைத் தோல் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். அந்த மூச்சு நிமிடத்துக்கு 150-ஐத் தாண்டும்.

அப்படி இளைக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. ரத்தத்தின் காரத்தன்மை ஏறுகிறது. அதைச் சமன் செய்யச் சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியே தள்ளுகிறது. அது தனியாகப் போவதில்லை, சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. முட்டை ஓடு என்பது ஏறக்குறைய முழுக்கக் கால்சியம் கார்பனேட். பைகார்பனேட் வெளியே போய்விட்டால் அந்தக் கார்பனேட் பங்கு எங்கிருந்து வரும்? போதாக்குறைக்கு, ரத்தம் காரமானால் கால்சியமும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, ஓடு கட்டுவதற்குக் கிடைக்கும் அளவு குறைந்துவிடும்.

ஆக, வெறும் கால்சியத்தைக் கூட்டுவது செங்கல்லை இறக்கிவிட்டுச் சிமெண்ட் வாங்க மறந்த கதை. இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

கால்சியம்: மாலையில், பரலாக

60 கிராம் முட்டையின் ஓட்டில் ஏறக்குறைய 2.2 கிராம் கால்சியம் இருக்கிறது. ஓடு கட்ட 20 மணி நேரம் போல ஆகும், அதில் பெரும்பகுதி இரவில். காலையில் தின்ற தூள் சுண்ணாம்பு அந்த நேரத்துக்குள் குடலைத் தாண்டிப் போயிருக்கும். அப்போது கோழி தன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ஓடு கட்டும். ஓரளவு அது இயல்புதான். ஆனால் தினமும் அப்படியென்றால், 60 வாரக் கோழிகள் கூண்டுக்குள் காலை நீட்டிப் படுத்துவிடும்.

2 முதல் 4 மில்லிமீட்டர் பரல், அது கிளிஞ்சலாகட்டும் சுண்ணாம்புக்கல்லாகட்டும், அரைவைப் பைக்குள் தங்கி இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். இறந்த கோழி ஒன்றை அறுத்துப் பார்த்தபோது காலை ஆறு மணிக்கும் ஏழெட்டுப் பரல்கள் உள்ளே முனை மழுங்கிக் கிடந்தன. அதற்குப் பிறகு எனக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மொத்தக் கால்சியத்தில் மூன்றில் இரண்டு பங்கு பரல், ஒரு பங்கு தூள் என்பது என் கலவை.

கோடையில் குறைவதை ஈடுகட்டத் தீவனத்திலேயே 4.5 சதவீதத்துக்கு ஏற்றலாமே என்று தோன்றும். தூளாக ஏற்றினால் தீவனம் வாயில் மாவாக ஒட்டும், ஏற்கெனவே தின்ன மறுக்கும் கோழி இன்னும் குறைக்கும். பரலைத் தனியாகப் போடுங்கள். என் கணக்கில் ஒரு கோழிக்குக் குறைவது 0.7 கிராம் கால்சியம். சுண்ணாம்புக்கல்லில் 38 சதவீதம் கால்சியம் என்றால் 1.8 கிராம் பரல். சிந்துவதையும் சேர்த்து 1,000 கோழிக்கு 2 முதல் 3 கிலோ, மாலை நாலரை, ஐந்து மணிக்குத் தீவனத்தின் மேல் தூவிவிடுகிறோம். கோழிக்கே தெரியும்: காலையில் தூவினால் ஒதுக்கிவிட்டுத் தானியத்தைப் பொறுக்கும், மாலையில் பரலைத் தேடித் தேடிக் கொத்தும்.

வாங்கும் பரலைச் சல்லடையில் சலித்துப் பாருங்கள். "பரல்" என்று வந்த மூட்டையில் பாதி மாவாக இருந்த அனுபவம் எனக்கு உண்டு. இன்னொரு சோதனை: ஒரு கண்ணாடி டம்ளரில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொஞ்சம், அதில் நாலு பரல். கையுறை போட்டு, வெளிக்காற்றில் செய்யுங்கள். நல்ல சுண்ணாம்புக்கல் சட்டென்று நுரைத்துக் கரையும். மந்தமாக, விட்டுவிட்டுக் குமிழ் வந்தால் அதில் மெக்னீசியம் நிறைந்த டோலமைட் கலந்திருக்கலாம். மெக்னீசியம் மிகுந்தால் எச்சம் இளகும், ஓடும் கெடும். அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

டிசிபிக்கு வருகிறேன். அதில் 18 சதவீதம் பாஸ்பரஸ். நான் கூட்டியது கால்சியத்தை மட்டுமல்ல, பாஸ்பரஸையும். ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறினால் எலும்பிலிருந்து கால்சியம் இறங்குவதே தடைப்படும், ஓடு இன்னும் மோசமாகும். முட்டைக்கோழியின் உடம்பு எடுத்துக்கொள்ளக்கூடிய பாஸ்பரஸ் தீவனத்தில் 0.35 முதல் 0.4 சதவீதம் இருந்தால் போதும். கோடையில் டிசிபியில் கை வைக்காதீர்கள்.

வளரும் கோழிக்கு இந்தப் பரல் கூடவே கூடாது. முட்டைக்கு வராத 10, 12 வாரக் குஞ்சுகளுக்கு 4 சதவீதக் கால்சியம் போனால் சிறுநீரகம் தாங்காது. வெயிலில் தண்ணீரும் குறைந்துவிட்டால், அறுத்துப் பார்க்கையில் இதயத்தின் மேலும் ஈரல் மேலும் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாகப் படிந்திருக்கும். அதைக் கிருமி நோய் என்று நினைத்து மருந்து கொடுத்தால் அந்த மருந்தும் அதே சிறுநீரகத்துக்குத்தான் பாரம்.

கறியுப்பில் கொஞ்சம் எடுத்துச் சோடா உப்பு

இங்கேதான் நிறையப் பேர் நான் விழுந்த குழியில் விழுகிறார்கள். சோடா உப்பைச் சேர்ப்பார்கள், கறியுப்பைக் குறைக்க மாட்டார்கள்.

கறியுப்பில் 39 சதவீதம் சோடியம், மீதி குளோரைடு. குளோரைடு ஏறினால் பைகார்பனேட்டுக்கு எதிர்த்திசை. சோடா உப்பில் 27 சதவீதம் சோடியம், குளோரைடு துளியும் இல்லை, பைகார்பனேட் கூடவே வருகிறது. வழக்கமாக ஒரு டன் தீவனத்துக்கு 3 கிலோ கறியுப்பு போடுவேன்: சோடியம் 1.17 கிலோ, குளோரைடு 1.8 கிலோ. கோடையில் 2 கிலோ கறியுப்பும் 2 கிலோ சோடா உப்பும்: சோடியம் 1.32 கிலோ, குளோரைடு 1.2 கிலோ. சோடியம் சற்றே கூடியது, தீவனம் குறைந்ததற்கு அது ஈடு. குளோரைடு மூன்றில் ஒரு பங்கு இறங்கியது.

இதை ஒரே எண்ணில் பார்க்க ஒரு சூத்திரம் உண்டு. சோடியம் சதவீதத்தை 435-ஆல் பெருக்குங்கள், பொட்டாசியத்தை 256-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள், குளோரைடை 282-ஆல் பெருக்கிக் கழியுங்கள். 200-லிருந்து 250-க்குள் வர வேண்டும், கோடையில் மேல்பக்கம் இருந்தால் நல்லது. தானியத்தில் இயற்கையாக உள்ளதையும் சேர்த்தால் என் பழைய கலவை 203 போல வந்தது, மாற்றியது 226. பொட்டாசியம் பெரும்பாலும் சோயாவிலிருந்து வருகிறது. வெயிலுக்குப் புரதத்தைக் குறைக்கிறேன் என்று சோயாவை வெட்டி லைசின் (புரதத்தின் ஒரு கூறான அமினோ அமிலம்) போடுகிறவர்கள் கவனிக்க: பொட்டாசியம் இறங்கும், லைசின் ஹைட்ரோகுளோரைடு வழியாகக் குளோரைடு ஏறும். கோலின் குளோரைடும் அப்படியே. மீன் தூள் போட்டால் அதன் உப்பைச் சோதித்தே ஆக வேண்டும். உப்பு போட்டுக் காயவைத்த மீனை அரைத்தது என்றால், தனியாகக் கறியுப்பு போடும் தேவையே இல்லாமல் போகலாம்.

தண்ணீரை மறந்ததுதான் என் அடுத்த தவறு. ஆழ்துளைக் கிணற்று நீர் லேசாக உவர்க்கும், பழகிவிட்டதால் நாக்குக்குத் தெரியவில்லை. சோதனையில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் சோடியம் என்று வந்தது. இதமான நாளில் தீவனத்தைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும் கோழி, கடும் வெயிலில் நாலு மடங்கு குடிக்கும். 350 மில்லி குடித்தால் தண்ணீரிலிருந்தே 105 மில்லிகிராம் சோடியம். 92 கிராம் தீவனத்தில் கிடைப்பது 165 மில்லிகிராம் போல. அதாவது நான் எண்ணாத சோடியம் எண்ணியதில் பாதிக்கு மேல்! எச்சம் கூழாகாமல் என்ன செய்யும்? உங்கள் தண்ணீர் இப்படி என்றால் கறியுப்பை இன்னும் குறைக்கலாம். சோதனைக்குக் கொடுக்கும்போது டிடிஎஸ் (கரைந்துள்ள மொத்த உப்பு) மட்டும் கேட்காமல், சோடியத்தையும் குளோரைடையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

கலக்கும் விதத்தில் அலட்சியம் வேண்டாம். 2 கிலோ சோடா உப்பை நேரே மிக்சரில் கொட்டினால் ஒரு மூலையில் கட்டியாக நிற்கும். கட்டிகளை உடைத்துச் சலித்து, 20 கிலோ மக்காச்சோள மாவில் முதலில் கையால் கலந்து, பிறகு மிக்சர் ஓடும்போது சிறிது சிறிதாகத் தூவுங்கள்.

இத்தனை செய்தும், ஓடு கட்டும் இரவில் கோழிக்குத் தீவனம் கிடைக்கவில்லை என்றால் பலன் அரைகுறைதான். காலை 10 மணிக்குப் பிறகு தொட்டியைக் கிளறுவதில்லை, மதியம் காலியாகவே விடுகிறோம். மாலையில் முக்கால் பங்கு தீவனம். நடுராத்திரியில் ஒரு மணி நேரம் விளக்குப் போட்டால் எழுந்து தின்னும், தண்ணீர் குடிக்கும். இந்த ஒரு மணி நேரம் எனக்குத் தந்த பலனை எந்தப் பொட்டலமும் தரவில்லை.

தண்ணீரில் கொடுக்கும் பொடி

கறிக்கோழி வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் அவற்றுக்கு வெயில் அடித்தால் சில மணி நேரத்தில் சாவு விழும், தீவனக் கலவை வேலை செய்யக் காத்திருக்க நேரமில்லை. வெயில் உச்சத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பே தீவனத்தை எடுத்துவிட்டு, எலக்ட்ரோலைட் கலந்த தண்ணீரை மட்டும் விடுங்கள். அதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் சர்க்கரையும் கறியுப்பும் நிறமும் மணமுமாக விற்பதும் உண்டு. அளவு பொட்டலத்தில் உள்ளபடி. கூட்டிக் கலந்தால் கோழி குடிப்பதைக் குறைத்துவிடும், அது வந்த வேலையைக் கெடுத்த கதை.

கடும் வெயில் வரப்போகிறது என்று தெரிந்த முந்தைய நாள் தொடங்கி, சூடு தணிந்த மறுநாள் நிறுத்துங்கள். மாதக்கணக்கில் கொடுப்பது மருந்தல்ல, தரைக்கூளத்தை நனைக்கும் வேலை. சோடா உப்பையும் வைட்டமின் சி-யையும் ஒரே தொட்டியில் கலக்காதீர்கள். பொங்கி நுரைத்து, இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். கடின நீரில் சோடா உப்பைப் போட்டால் கோழி குடிக்கும் குழாய்முனையான நிப்பிளில் வெள்ளையாகப் படிந்து அடைக்கும். குளுக்கோஸ் உள்ள பொடி குழாய்க்குள் வழவழப்பாகப் பாசி கட்டும். கொடுத்த அன்று சாயங்காலமே குழாய் முழுக்கத் தண்ணீரை வேகமாக ஓடவிட்டுக் கழுவுங்கள். அது அப்படியே தண்ணீரையும் குளிர்விக்கும். மேல்தொட்டி வெயிலில் நின்று தண்ணீர் கொதித்தால் கோழி அதைத் தொடாது, நீங்கள் எதைக் கலந்தும் பயனில்லை. 25 டிகிரிக்குள் இருக்க வேண்டும். தொட்டிக்குப் பந்தல் போடுங்கள், ஈரச்சாக்கு சுற்றுங்கள்.

துத்தநாகம், மாங்கனீசு, செலினியம்

நுண் தாதுக்களில் எனக்கு இந்த மூன்றும் போதும். இளைக்கும் கோழி இவற்றை எச்சத்தில் கூடுதலாக இழக்கிறது, தின்பதும் குறைவு. துத்தநாகம் இல்லாமல் ஓட்டுக்கான கார்பனேட்டை உண்டாக்கும் நொதி வேலை செய்யாது. மாங்கனீசு ஓட்டுக்கு உள்ளிருக்கும் சட்டத்தைக் கட்டுகிறது. செலினியம், வைட்டமின் ஈ-யோடு சேர்ந்து, சூட்டில் செல்கள் சிதைவதைத் தடுக்கிறது. கிலோ தீவனத்துக்குத் துத்தநாகம் 80 முதல் 100 மில்லிகிராம், மாங்கனீசும் அப்படியே. செலினியம் 0.3 மில்லிகிராம், அதற்கு மேல் கையை நீட்டாதீர்கள், நன்மைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி அதில் மிகக் குறுகல்.

புரதத்தோடு பிணைத்த தாதுக்கள் உடம்பில் நன்றாகச் சேரும், விலை அதிகம். நான் கோடை மாதங்களுக்கு மட்டும், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அந்த வகையில் போடுகிறேன். வாங்கிய மினரல் மிக்சரையும் வைட்டமினையும் கோலினையும் ஒரே டப்பாவில் கலந்து வைத்துவிடாதீர்கள். வெயில் ஏறும் ஸ்டோர் ரூமில் சில வாரங்களிலேயே வைட்டமின் வீரியம் போய்விடும். கலக்கும் அன்று சேர்த்தால் போதும்.

பலன் தெரிகிறதா?

உடைந்த முட்டை எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள், பொறுக்குகிறவர் கை மாறினாலே அது மாறும். வாரம் ஒரு நாள், ஒரே வரிசையிலிருந்து 10 முட்டை எடுத்து எடை போடுகிறேன். உடைத்து, ஓட்டைக் கழுவி, உள்சவ்வோடு ஒரு நாள் உலர்த்தி, நகை எடை போடும் சின்ன டிஜிட்டல் தராசில் ஓட்டை மட்டும் நிறுக்கிறேன். 60 கிராம் முட்டைக்கு ஐந்தரை கிராமுக்கு மேல் ஓடு இருந்தால் நிம்மதி. அந்த முதல் கோடையில் 4.6 வரை போயிருந்தது. கலவையை மாற்றிய பிறகு 5.3-க்கு வரப் பன்னிரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாளே ஒன்றும் தெரியவில்லையே என்று இன்னொரு பொட்டலத்தைச் சேர்க்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், பத்து நாள் பொறுமை.

எச்சத்தையும் பாருங்கள். வெயிலில் கொஞ்சம் இளகுவது இயல்பு. எச்சத்தின் மேல் வழக்கமாக இருக்கும் வெள்ளைத் தொப்பி இல்லாமல் தண்ணீராகவே விழுந்தால் உப்புக் கணக்கை மறுபடி போடுங்கள்.

எங்கள் மிக்சருக்குப் பக்கத்துச் சுவரில், கோடைக் கலவை தொடங்கிய தேதியும் அன்றைய தீவன கிராமும் சாக்பீஸில் எழுதியிருக்கும். கோழி மூன்று நாள் தொடர்ந்து 105 கிராமைத் தாண்டித் தின்றால், மாலைப் பரலை நிறுத்தி, கறியுப்பை 3 கிலோவுக்குத் திருப்பி, சோடா உப்பு மூட்டையின் வாயைக் கட்டிவிட்டு, அந்தத் தேதியைப் பையன் அழித்துவிடுவான்.